மஞ்சள் முதலில் வரட்டும்

சிவகாசி அச்சகங்களில் ‘ரிஜிஸ்டர்’ என்றொரு சொல் புழங்கும். நான்கு நிறத் தகடுகளும் தாளில் ஒரே இடத்தில் விழுந்தால் ரிஜிஸ்டர் சரி. சிவப்பு மயிரிழை தள்ளி விழுந்தாலும் காலண்டர் முருகனின் உதடு கன்னத்துக்கு வழிந்துவிடும். அதே வேலையைத் தாளும் மையும் இல்லாமல், வெறும் வெளிச்சத்தை வைத்து, நொடிக்கு 60 முறை செய்துகொண்டிருந்த ஒரு பெட்டியைப் பற்றித்தான் சொல்ல வந்தேன்.

நியூ ஜெர்சியில் நண்பர் ஒருவர் வீட்டு பேஸ்மென்ட்டில் அப்படியொன்று இன்னும் ஓடுகிறது. 53 அங்குல ரியர் புரொஜெக்‌ஷன் டிவி. பீரோ மாதிரி நிற்கும். இரண்டு பேர் சேர்ந்தாலும் நகர்த்தத் திணற வேண்டும். உள்ளே அடிப்பக்கத்தில் 7 அங்குலப் பிக்சர் டியூப்கள் மூன்று: சிவப்பு, பச்சை, நீலம். ஒவ்வொன்றும் முழுப் படத்தையும் தன் ஒரே நிறத்தில் வரைந்து லென்ஸ் வழியே அனுப்ப, சாய்ந்த கண்ணாடி அதை வாங்கித் திரையின் முதுகில் போடுகிறது. நடுவில் இருக்கும் பச்சைக்கு நேர்ப்பார்வை. இரு பக்கமும் உள்ள சிவப்பும் நீலமும் கோணலாகத்தான் திரையைப் பார்க்க முடியும். அதனால் அவை வரையும் கட்டம் ஒரு பக்கம் அகன்று மறுபக்கம் குறுகி விழும். அதை இழுத்து நிமிர்த்துவதற்கென்றே டியூபின் கழுத்தில் தனியாக ஒரு கம்பிச் சுருள் இருக்கிறது. அந்தச் சுருளுக்குப் போகும் மின்னோட்டத்தை இடத்துக்கு இடம் திருத்துவதுதான் கன்வர்ஜென்ஸ்.

1970களின் தொடக்கத்தில் ஹென்றி க்ளாஸ் என்ற அமெரிக்கர் தன் அட்வென்ட் நிறுவனத்தின் மூலம் வீடியோபீம் என்னும் மூன்று டியூப் புரொஜெக்டரை வீடுகளுக்குள் கொண்டுவந்தார். மூன்று டியூப் வந்த நாளிலேயே இந்தத் தலைவலியும் கூட வந்துவிட்டது. பாகங்கள் பழசானால் நிறங்கள் நகரும். பெட்டியை வேறு சுவருக்குத் திருப்பி வைத்தாலும் நகரும். பூமியின் காந்தப்புலம் எலக்ட்ரான் கற்றையைச் சற்றே திசை திருப்பிவிடும். வெள்ளைச் சட்டைக்காரனின் ஒரு தோளில் சிவப்புக் கரையும் மறு தோளில் நீலக் கரையும் தெரிந்தால் திருத்தும் நேரம் வந்துவிட்டது என்று பொருள்.

நண்பர் இந்த வேலையை ஒரு சடங்கைப் போலச் செய்வார். டிவியைப் போட்டுவிட்டு அரை மணி நேரம் தொடவே மாட்டார். சூடேறும் வரை நிறங்கள் ஊர்ந்துகொண்டே இருக்கும், அதற்குள் திருத்தினால் திருத்தியது வீண். சர்வீஸ் மெனுவில் இப்போது உள்ள எண்களை நோட்டில் எழுதிக்கொள்வார். பிறகு கருப்புத் திரையில் வெள்ளைக் கட்டங்களை வரவழைப்பார்.

முதலில் பச்சை மட்டும். மற்ற இரண்டையும் அணைத்துவிட்டு, திரையின் குறுக்கே தையல் நூலை இழுத்துப் பிடித்துக் கோடு நேராக இருக்கிறதா என்று பார்ப்பார். பச்சைதான் சுருதி. நம் கண் வெளிச்சமென்று உணர்வதில் பெரும்பங்கு அதற்குத்தான். பழைய அமெரிக்க வண்ண ஒளிபரப்பு முறையின் கணக்கில் 100க்கு 59 பங்கு பச்சை, 30 சிவப்பு, நீலத்துக்கு வெறும் 11. சுருதியே கோணினால் அதற்கு மேல் எதைச் சேர்த்து என்ன பயன்?

அடுத்து சிவப்பு. நான் அவசரப்பட்டு நீலத்தையும் போடச் சொன்னேன்.

“வெள்ளையை அப்புறம் பாத்துக்கலாம்ப்பா. மஞ்சள் முதல்ல வரட்டும்.”

பச்சையின் மேல் சிவப்பு சரியாக உட்கார்ந்தால் கோடு மஞ்சளாகும். நடுப்புள்ளியில் தொடங்கி வெளியே போவார். ஒரு புள்ளியைத் தொட்டால் பக்கத்துப் புள்ளிகளும் கொஞ்சம் இழுபடும், ஜமக்காளத்தின் ஓரத்தை இழுத்தால் நடுவில் சுருக்கம் விழுவது போல. மிட்சுபிஷியின் சில பெட்டிகளில் இப்படி 64 இடங்களைத் தனித்தனியாகத் திருத்தலாம். நான் ரசித்தது அவர் விரலை. சரியான இடம் வந்ததும் நிற்காது; ஒரு படி தாண்டிப் போய், கோட்டின் மறுபக்கம் சிவப்பு எட்டிப் பார்ப்பதைக் கண்டுவிட்டுத்தான் திரும்பி வரும். தாண்டிப் பார்க்காமல் நடு எதுவென்று எப்படித் தெரியும் என்பது அவர் கட்சி.

நீலம்தான் கடைசி, அதுதான் கடினமும். நீலப் பாஸ்பர் அதிக மின்னோட்டத்தில் திணறும் என்பதால் அந்தக் கற்றையை வேண்டுமென்றே சற்றுக் கலங்கலாக வைப்பார்கள். ஆகவே கோடு தடியாக, மசமசவென்று வரும். அந்தத் தடிக் கோட்டின் நடுமுதுகில் மெல்லிய மஞ்சள் கோட்டை ஏற்ற வேண்டும். ஏறிய கணத்தில் நிறம் முழுவதும் மறைந்து வெள்ளை மட்டும் நிற்கும். எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு அது சின்ன மாயம்தான்.

ஹிட்டாச்சி இதற்கு ‘மேஜிக் ஃபோகஸ்’ என்று ஒரு பொத்தான் வைத்தது. திரையின் ஓரத்தில் ஒளிந்திருக்கும் சென்சார்கள் கட்டங்களைப் பார்த்துத் தானாகத் திருத்திக்கொள்ளும். வசதிதான், மறுக்கவில்லை. ஆனால் வத்தக்குழம்பு பாக்கெட்டும் வசதிதான்.

கோடுகள் வில்லாக வளைந்து, ரிமோட் பொத்தானை அழுத்தினால் எண் மட்டும் மாறிக் கோடு அசையாமல் இருந்தால் விஷயம் வேறு. சுருளுக்கு மின்னோட்டம் தரும் இரண்டு எஸ்டிகே ஐசிகளில் ஒன்று போயிருக்கும். அப்போது ரிமோட்டைத் தொடக் கூடாது. மெனுவில் நல்ல எண்களையும் கெடுத்துக்கொள்வோம். இரண்டு ஐசிகளையும் சேர்த்தே மாற்றி, பக்கத்து ரெசிஸ்டர்களை மீட்டரில் பார்த்து, ஹீட் சிங்க்கில் புதுப் பசை தடவ வேண்டும். உள்ளே சுமார் 30,000 வோல்ட் ஓடும் பெட்டி. பழகாதவர் பின்மூடியைத் திறப்பது விஷப்பரீட்சை.

2007 டிசம்பரில் சோனி ரியர் புரொஜெக்‌ஷன் டிவிகளையே கைவிடுவதாக அறிவித்தது. 2012இல் மிட்சுபிஷியும் நிறுத்தியது. அதற்கு முன்பே மூன்று டியூப் போய், வாங்கியவர் திருத்துவதற்கு ஒன்றுமே இல்லாத பெட்டிகள் வந்துவிட்டன.

வேலை முடிந்ததும் நண்பர் கருப்பு வெள்ளைப் படம்தான் போடுவார். நிறம் ஒளிந்துகொள்ள அதில் இடமே கிடையாது. அன்று எழுத்து ஓடியபோது ஒவ்வொரு எழுத்தும் உப்புக்கல் போல வெளுத்து நின்றது. கீழே இடது மூலையில் மட்டும் அரைக்கோடு அளவுக்கு நீலம் கசிந்தது. நான் விரலை நீட்டினேன். அவர் என் கையைத் தட்டிவிட்டு, பின்னால் இழுத்துப் போட்டிருந்த சோபாவைக் காட்டினார். அங்கே போய் உட்கார்ந்து பார்த்தேன். மூலை தெரியவில்லை.