குளிர்காலச் சுற்றுலா, கடன், முதலீடு: மூணு ஆய்வு, ஒரே ஆள்

குளிர்காலச் சுற்றுலா பற்றிய பொருளாதார ஆய்வுகளைத் தேடினால் பெரும்பாலும் பனிதான் வந்து விழும். ஆஸ்திரியா, சுவிட்சர்லாந்து, பனிச்சறுக்கு. நமக்கு இதுல என்ன இருக்குன்னு தள்ளிவிட வேண்டாம். புதுச்சேரிக்கும் டிசம்பர், ஜனவரிதான் சீசன். அங்கே பனி வராவிட்டால் நஷ்டம், இங்கே மழை வந்துவிட்டால் நஷ்டம். சமீபத்தில் படித்த நான்கு கட்டுரைகளை மூலக்குளத்தில் உட்கார்ந்துகொண்டு யோசித்ததன் குறிப்பு இது. சுற்றுலாத் தேவையை ஒருவர் ஆராய்கிறார், தொழில் கடனை இன்னொருவர், முதலீட்டாளர் மனநிலையை மூன்றாமவர். ஆனால் இங்கே இந்த மூன்றும் ஒரே ஆளின் தலையில்தான் விடிகிறது. அந்த ஆளை மூவருமே பார்க்கவில்லை என்பதுதான் என் புகார்.

முதலில் பனி. டோக்ல்ஹோஃபர், ஐக்னர், பிரெட்டென்தாலர் மூவரும் 2011-இல் வெளியிட்ட கட்டுரை. ஆஸ்திரியாவின் 185 பனிச்சறுக்குப் பகுதிகளை எடுத்துக்கொண்டு, 1972-73 முதல் 2006-07 வரை, பனியின் அளவுக்கும் மக்கள் தங்கிய இரவுகளுக்கும் உள்ள தொடர்பைக் கணக்கிட்டிருக்கிறார்கள். இதில் எனக்குப் பொறாமை தருவது முடிவு இல்லை, தரவு. அவர்களிடம் இருப்பது இரவுக் கணக்கு. நம்ம சுற்றுலா அமைச்சகப் புள்ளிவிவரத்தில் மாநில வாரியாக வருவது 'வருகை'க் கணக்கு. மூன்று இரவு தங்கியவரும் ஒரு இரவு தங்கியவரும் அதில் ஒரே ஒரு வருகைதான். அறை வாடகையில் பிழைப்பவருக்கு இரண்டும் ஒன்றா?

சரி, அவர்கள் கண்டது என்ன? சராசரியாகப் பார்த்தால் பனி குறைவதால் வரும் பாதிப்பு சிறியது. கட்டுரையில் குறை சொல்ல வேண்டிய இடம் இந்தச் சராசரிதான். ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம் (எண்கள் கற்பனை). ஆறு அறை உள்ள ஒரு விடுதி. வருஷ வரவு 24 லட்சம். வாடகை, சம்பளம், கரண்ட் எல்லாம் 15 லட்சம். இ.எம்.ஐ. மாதம் 50 ஆயிரம், வருஷத்துக்கு 6 லட்சம். கையில் நிற்பது 3 லட்சம். கிறிஸ்துமஸ், புத்தாண்டு, பொங்கலை ஒட்டிய நாட்களில் மட்டும் வரும் வரவு 4 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். மழையால் அதில் பாதி போனால் வருஷ வரவு 8 சதவீதம்தான் குறைகிறது. ஆய்வாளர் 'மிதமான பாதிப்பு' என்று எழுதுவார். ஆனால் செலவு பெரிதாகக் குறையாது. தவணையும் குறையாது. கையில் நின்ற 3 லட்சம் 1 லட்சம் ஆகிவிடும். எட்டு சதவீதம் அறுபத்தாறு சதவீதமாக மாறுவது கடன் இருப்பதால்தான். தேவையைப் பற்றிய ஆய்வில் கடன் என்ற சொல்லே இல்லாவிட்டால் இந்தப் பெருக்கம் கண்ணில் படாது.

இங்கே இது வெறும் கற்பனை ஆபத்தும் இல்லை. வடகிழக்குப் பருவமழையும் சீசன் தொடக்கமும் ஒன்றோடொன்று மோதுகிற ஊர் இது. தானே புயல் கரையைக் கடந்தது 2011 டிசம்பர் 30, புத்தாண்டுக்கு இரண்டு நாள் முன்பு. ஃபெஞ்சல் வந்தது 2024 நவம்பர் 30. அப்போது 24 மணி நேரத்தில் 45 செ.மீ.க்கு மேல் கொட்டியது.

இனி கடன் கொடுப்பவர் பக்கம். ஒயிட் டவுனில் கட்டடத்தை லீசுக்கு எடுத்து விடுதி நடத்துபவருக்கு அடமானம் வைக்க அங்கே ஒன்றும் கிடையாது. அவர் வைப்பது மூலக்குளத்திலோ ரெட்டியார்பாளையத்திலோ உள்ள சொந்த வீட்டுப் பத்திரம். கடற்கரையில் பெய்யும் மழை விழுப்புரம் ரோட்டில் உள்ள வீட்டைத் தொடுவது இந்த வழியாகத்தான். வங்கி பார்ப்பது பத்திரமும் கடந்த ஓரிரு வருஷ ஜி.எஸ்.டி. கணக்கும். அந்த வருஷங்களில் புயல் வரவில்லை என்றால் கணக்கு அழகாகத்தான் இருக்கும். பெர்கரும் உடெலும் 2004-இல் இதற்கு ஒரு கருதுகோள் சொன்னார்கள்: ஒரு வங்கி கடைசியாக அடிபட்டு நாளாக ஆக, அடிபட்ட நினைவு மங்கி, கடன் விதிகள் தளரும். அமெரிக்க வங்கிகளை வைத்துச் சொன்னது. நம்ம பொதுத்துறை வங்கிகளில் நினைவு மங்கக்கூட அவசியம் இல்லை, அதிகாரிக்கு மாற்றல் வந்தால் போதும்.

கடன் வாங்குபவருக்கும் இதே நோய். மால்மெண்டியர், நேகல் இருவரும் 2011-இல் காட்டியது: வாழ்க்கையில் தான் பார்த்த பங்குச்சந்தை எப்படி இருந்ததோ அதை வைத்துத்தான் மனிதர்கள் ரிஸ்க் எடுக்கிறார்கள், அதிலும் சமீபத்திய அனுபவத்துக்கே எடை அதிகம். நல்ல ஆய்வு. ஆனால் பங்கு வைத்திருப்பவர் நாளைக்கே விற்கலாம். லீஸ் போட்டு, ஏசி மாட்டி, பாத்ரூம் கட்டியவர் எதை விற்பது? 2024-இல் செபி ஒரு கணக்கு வெளியிட்டது. மூன்று நிதியாண்டுகளில் எஃப் அண்ட் ஓ வர்த்தகம் செய்த தனிநபர்களில் 93 சதவீதம் பேருக்கு நஷ்டம். ஒவ்வொரு பரிவர்த்தனையும் பதிவாவதால் அதை எண்ண முடிந்தது. நல்ல சீசன் ஒன்றைப் பார்த்துவிட்டு இரண்டாவது விடுதி தொடங்கியவரின் நஷ்டத்தை யார் எண்ணுவது?

தீர்வுக்கு அருகே வருவது நான்காவது கட்டுரை. ஃபீல்ட், பாண்டே, பாப், ரிகோல் நால்வரும் கொல்கத்தாவில் நடத்திய சோதனை (2013). குறுங்கடன் வாங்கிய சிலருக்கு இரண்டு வாரத்தில் தவணை தொடங்கியது, சிலருக்கு இரண்டு மாத அவகாசம். அவகாசம் பெற்றவர்கள் தொழிலில் அதிகம் போட்டார்கள், லாபமும் கூடியது. கடன் கட்டாமல் விட்டவர்களும் கூடினார்கள். இரண்டையும் மறைக்காமல் சொன்னதற்காகவே கட்டுரையை மதிக்கிறேன்.

இதைப் படித்துவிட்டு, 'அப்போ சீசனில் பெரிய தவணை, மற்ற மாதம் சின்ன தவணை வைக்கலாமே' என்று தோன்றும். கொஞ்சம் நில்லுங்க. புயல் வருவதும் சீசனில்தான். பெரிய தவணையை ஜனவரியில் வைத்தால் ஆபத்தை முழுக்க அதே இடத்தில் குவிக்கிறோம். தவணை சீசனைப் பின்பற்றினால் மட்டும் போதாது, சீசன் பொய்த்தால் தள்ளிப்போகவும் வேண்டும்.

இது புதுமையான யோசனை இல்லை. குறுகிய காலப் பயிர்க்கடன் இரண்டு பயிர்ப் பருவம் நிலுவையில் இருந்தால்தான் வாராக்கடன். விடுதிக்காரருக்கு 90 நாள். இயற்கைப் பேரிடர் என்று அறிவித்தால் சலுகை கிடைக்கலாம், ஆனால் அடுத்தடுத்து மூன்று வார இறுதிகள் மழையில் போனால் அது பேரிடர் ஆகாது. மழை அளவை வைத்து இழப்பீடு தரும் பயிர்க் காப்பீடு 2007-லிருந்தே இருக்கிறது. விடுதிக்கு அதை அப்படியே பொருத்த முடியாது என்பதும் உண்மை. மழை பெய்யாவிட்டாலும் டிவியில் சிவப்பு எச்சரிக்கை ஓடினால் போதும், பெங்களூர்க்காரர் கேன்சல் பண்ணிடுவார். மழைமானி அதை அளக்காது.

அதனால்தான் முதலில் தரவு வேண்டும் என்கிறேன். மாத வாரியாகத் தங்கிய இரவுகள், மாத வாரியாக விடுதிக் கடன்களின் நிலுவை. இந்த இரண்டு பட்டியலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாலே பாதி விஷயம் தெரிந்துவிடும். காலாப்பட்டில் பல்கலைக்கழக வளாகத்தில் சுற்றுலாத் துறை, பொருளியல் துறை, வங்கித் தொழில்நுட்பத் துறை மூன்றும் இருக்கின்றன. மூன்றிலிருந்தும் ஆளுக்கொரு ஆய்வு மாணவர் சேர்ந்தால் போதும், ஆஸ்திரியாக்காரர்கள் கேட்காத கேள்வியை இங்கிருந்து கேட்கலாம்.