நைட் ஷிப்டுக்கு எவ்வளவு உரிமை?

ஹோட்டல் இணையதளத்தின் உள்பக்கத்தில் யார் எதைப் பார்க்கலாம், யார் எதை மாற்றலாம் என்பதை ஆளை வைத்து முடிவு செய்யாமல் பொறுப்பை, அதாவது ரோலை, வைத்து முடிவு செய்வதுதான் இன்றைய வழக்கம். டேவிட் ஃபெராயோலோவும் ரிச்சர்ட் குன்னும் 1992இல் இதற்கு முறையான வடிவம் கொடுத்தார்கள். ரிசப்ஷனில் ஒருவர் வேலையை விட்டுப் போனால் அவர் கணக்கை மூடி, புதியவரை அதே ரோலில் சேர்த்தால் போதும். ஆட்கள் வருவதும் போவதுமாக இருக்கும் தொழிலில் இது சாதாரண வசதி அல்ல.

சிறிய ஹோட்டல்கள் பல வேர்ட்பிரஸில் தளம் நடத்துகின்றன. அதில் 2005இல் வந்த 2.0 பதிப்புக்கு முன்பு 0 முதல் 10 வரை வெறும் படிநிலைகள்தான். அட்மினிஸ்ட்ரேட்டர், எடிட்டர் போன்ற ரோல்கள் அந்தப் பதிப்பில் வந்தவை. எல்லாமே பத்திரிகை அலுவலகத்துக்கு அளவெடுத்துத் தைத்த சட்டைகள். சலுகை அறிவிப்பு எழுதுகிறவருக்கு அவை கச்சிதமாகப் பொருந்தும். கான்ட்ரிபியூட்டர் ரோலில் இருப்பவர் எழுதலாம், வெளியிட முடியாது. மே மாதக் கொடைக்கானல் அறைக்கு 6,500 ரூபாய் என்பது 650 ஆகிவிட்டால், மேனேஜர் கண்ணில் பட்ட பிறகே வெளியே போகும். ஆனால் புக்கிங்கை ரத்து செய்வது, பணம் திருப்பித் தருவது, விருந்தினரின் போன் நம்பரைப் பார்ப்பது எல்லாம் இந்த ரோல்களின் கணக்கிலேயே இல்லை. புக்கிங் பிளக்இன் தனக்கென ரோல் கொண்டுவந்தால் உண்டு. இல்லாவிட்டால் "அட்மினே கொடுத்துடுங்க சார்" என்பதில்தான் போய் முடியும்.

இதைவிடப் பெரிய குறை ஒன்று உண்டு. ரோல் என்பது 'எந்த வகை' விவரம் என்று கேட்கிறதே தவிர, 'எவ்வளவு' என்று கேட்பதில்லை. 2020 மார்ச் 31 அன்று மேரியட் ஹோட்டல் நிறுவனம் அறிவித்த தகவல் கசிவைப் பாருங்கள். ஃபிரான்சைஸ் ஹோட்டல் ஒன்றின் இரண்டு ஊழியர்களுடைய லாகினைக் கொண்டு, 52 லட்சம் விருந்தினர்கள் வரையிலான விவரங்கள் பார்க்கப்பட்டிருக்கலாம் என்றது நிறுவனம். அது ஜனவரி நடுவில் தொடங்கியிருக்க வேண்டும் என்பது அவர்கள் கணிப்பு. தெரியவந்ததோ பிப்ரவரி இறுதியில். விருந்தினர் விவரத்தைப் பார்க்காமல் ஹோட்டல் ஊழியர் வேலை செய்ய முடியாது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஒரு ஹோட்டலின் ஊழியருக்கு ஒரு நாளில் சில நூறு பேரின் விவரம் தேவைப்பட்டாலே அதிகம். கார்டு விவரமோ பாஸ்போர்ட் எண்ணோ போனதாகக் கருதக் காரணமில்லை என்று அப்போது மேரியட் சொன்னது. எதையெல்லாம் பார்க்கலாம் என்று பிரித்துவைப்பதில் பலன் இருக்கிறது என்பதற்கு இதையே சாட்சியாக வைக்கலாம். எத்தனை பேருடையதைப் பார்க்கலாம் என்பதற்குத்தான் அணை இல்லை.

லாகினைப் பயன்படுத்துகிறவர் உண்மையில் யார் என்பதும் ரோலுக்குத் தெரியாது. 2018இல் ஐக்கிய அரபு அமீரகத்தின் 40 ஹோட்டல்களின் ஊழியர்களிடம் போனிலேயே பேசி, புக்கிங்.காம் லாகின் விவரங்களை மோசடிக்காரர்கள் கறந்துவிட்டார்கள். 4,109 பேரின் விவரங்கள் அவர்கள் கைக்குப் போயின. அதில் 283 பேரின் கிரெடிட் கார்டு தகவலும் அடக்கம். இந்த ஓட்டையை அடைக்க ரோல் உதவாது.

அப்படியானால் ரோல்களை இறுக்கிவிடலாமா? இரவு பதினொன்றரை மணிக்கு ஒரு குடும்பம் வந்து நிற்கிறது. ஒரே புக்கிங்குக்கு இரண்டு முறை பணம் போயிருக்கிறது. கவுன்டரில் இருக்கும் பையனுக்கு ரீஃபண்ட் பட்டனே திரையில் தெரியாது. தூக்கத்தில் போனை எடுத்த மேனேஜர் தன் பாஸ்வேர்டைச் சொல்கிறார். மறுநாள் காலை ஷிப்டுக்கும் அது தெரிந்துவிடும். அதற்குப் பிறகு பதிவேட்டில் எல்லா வேலையும் மேனேஜர் பெயரிலேயே நடந்திருக்கும். காகிதத்தில் எவ்வளவு அழகாக இருந்தாலும், இப்படி இரவல் போகும் கடுமையான ரோலைவிட, கொஞ்சம் தளர்வாக இருந்து அவரவர் பெயரைப் பதியும் ரோல் எவ்வளவோ மேல் என்பது என் கட்சி. நைட் ஷிப்டுக்கும் ரீஃபண்ட் உரிமை கொடுக்கலாம்: ஒரு தொகை வரைக்கும், அவரவர் லாகினில், மேனேஜர் போனுக்கு உடனே தகவல் போகும்படி.

இதையெல்லாம் கண்காணிக்கப் புதிதாக ஆள் போட வேண்டியதில்லை. அன்றைய வரவு செலவை இரவிலேயே முடிக்கும் நைட் ஆடிட் என்ற பழக்கம் ஹோட்டல்களில் ஏற்கெனவே இருக்கிறது. யார் எப்போது எதை மாற்றினார்கள் என்ற முழுப் பதிவை வேர்ட்பிரஸ் தானாக வைத்துக்கொள்ளாது. அதற்குத் தனியாக ஒரு பிளக்இன் போட வேண்டும். போட்டுவிட்டால், அந்தப் பட்டியலையும் நைட் ஆடிட் காகிதங்களோடு சேர்த்து காலையில் மேனேஜர் மேஜையில் வைக்கலாம். தளத்தைக் கட்டிக்கொடுத்துவிட்டு எப்போதோ போய்விட்ட டிசைனரின் அட்மின் கணக்கு இன்னும் உயிரோடு இருந்து, யாராவது அதை வைத்து எதையாவது மாற்றினால், அதுவும் அதில் தலைகாட்டும்.