பற்று வரவு

பெய்ஜிங் புறநகர், டாஷிங். ஆஸ்பத்திரி மாதிரியும் இருக்கிறது, ராணுவ முகாம் மாதிரியும் இருக்கிறது. ஜன்னலுக்குக் கம்பி. ராணுவச் சீருடையில் பையன்கள் வரிசையாக நின்று டிரில் எடுக்கிறார்கள். பதினைந்து, பதினாறு வயசு. திருடினார்களா, யாரையாவது குத்தினார்களா? ஒன்றுமில்லை. கம்ப்யூட்டரில் விளையாடினார்கள். ராத்திரி பகல் தெரியாமல்.

‘வெப் ஜங்கி’ என்ற டாக்குமென்டரி இந்த இடத்தைப் பற்றியது. ஷோஷ் ஷ்லாம், ஹில்லா மெடாலியா என்ற இரண்டு இஸ்ரேலியப் பெண்கள் எடுத்தது. 2014-ல் சன்டான்ஸ் விழாவில் திரையிட்டார்கள். பத்து வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. ஆனாலும் பிள்ளை பெற்றவர்கள் இன்றைக்கும் பார்க்கவேண்டிய படம். பார்த்துவிட்டுப் படத்தோடு கொஞ்சம் சண்டையும் போடவேண்டும்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். படம் புத்திமதி சொல்வதில்லை. கேமரா ஓரமாக உட்கார்ந்து பார்க்கிறது, அவ்வளவுதான். மயக்க மருந்து கொடுத்துக் கொண்டுவரப்பட்ட பையன் இருக்கிறான். கொடுத்தது யார்? பெற்றவர்கள்! முகாமை நடத்தும் டாக்டர் டாவ் ரான் இதை ‘எலெக்ட்ரானிக் ஹெராயின்’ என்கிறார். ஆட்டத்தில் ஒரு நிமிஷம் போய்விடக்கூடாதே என்று டயபர் கட்டிக்கொண்டு விளையாடுகிறவர்கள் உண்டு என்கிறார். பையன்கள் சிலர் முகாமிலிருந்து தப்பித்து ஓடுகிறார்கள். எங்கே? நேராக இன்டர்நெட் கஃபேக்கு. சிரிப்பதா அழுவதா தெரியவில்லை.

படத்தின் உயிர் இருப்பது டிரில் மைதானத்தில் இல்லை. அப்பா, அம்மா, பையன் மூன்று பேரையும் ஒரே அறையில் உட்காரவைக்கிறார்களே, அங்கே. டாவ் ரான் பெற்றோரிடம் சொல்வதன் சாரம் இது: உங்கள் பிள்ளைக்குப் பெரிய வியாதி தனிமை. ஒரு குழந்தைதான் என்ற சட்டம் அமலில் இருந்த காலம் அது. அண்ணன் தம்பி கிடையாது. பள்ளிக்கூடத்தில் மார்க், வீட்டில் மார்க். பேச்சுத் துணை வேண்டுமென்றால் திரைக்குள்தான் போகவேண்டும். இதைக் கேட்கிற அப்பாக்களின் முகத்தைப் பாருங்கள். பையனை அடைக்க வந்த இடத்தில் தாங்களே மாட்டிக்கொண்ட முகம்.

சரி, இனி சண்டை.

நான் படித்தது பி.காம். பேரேட்டில் இடது பக்கம் பற்று, வலது பக்கம் வரவு. ஒரு பக்கம் ஒரு தொகை எழுதினால் எதிர்ப்பக்கத்தில் அதற்கு ஆள் இருந்தே ஆகவேண்டும். இந்தப் படத்தில் பற்று மட்டும்தான் இருக்கிறது. (இரண்டு அர்த்தத்திலும்!) போன படிப்பு, போன தூக்கம், அம்மாவின் கண்ணீர், அப்பாவின் பணம் எல்லாம் ஒழுங்காக எழுதியிருக்கிறார்கள். இது யார் கணக்கில் வரவானது? படம் கேட்கவே இல்லை.

‘வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்’ என்ற ஆட்டம் அமெரிக்காவில் 2004 நவம்பரில் வெளிவந்தது. 2010-ல் சந்தாதாரர்கள் 1 கோடியே 20 லட்சம். சீனாவில் பல வருஷம் அதை நேரக்கணக்கில் விற்றார்கள். முன்கூட்டிக் காசு கட்டி நிமிஷங்களை வாங்கவேண்டும். ஆக, பையன் கூடுதலாக உட்காரும் ஒவ்வொரு நிமிஷமும் கம்பெனிக்கு வருமானம். ஆட்டத்தின் அமைப்பும் அதற்கு ஏற்ற மாதிரிதான். 25 பேர் சேர்ந்து ஒரு பூதத்தை அடிக்கவேண்டும். நடுவில் நிறுத்திவைக்க வழியில்லை. அம்மா சாப்பிடக் கூப்பிட்டால், 24 கூட்டாளிகளை நட்டாற்றில் விட்டுவிட்டு எழுந்திருக்கவேண்டும். எழுந்திருப்பானா? ‘மனக்கட்டுப்பாடு இல்லை’ என்று அவனை மட்டும் மைதானத்தில் ஓடவிடுவது எந்த ஊர் நியாயம்?

இரண்டாவது குறை. யாருக்கு வியாதி, யாருக்கு வெறும் ஆசை? டாவ் ரான் குழுவின் அளவுகோலில், படிப்புக்கோ வேலைக்கோ அல்லாமல் தினம் ஆறு மணி நேரம் என்பது ஒரு நிபந்தனை. உலக சுகாதார நிறுவனம் 2019-ல் ஏற்று, 2022-ல் நடைமுறைக்கு வந்த பட்டியலிலும் இந்த நோய் இருக்கிறது. ஆனால் அங்கே மணிக்கணக்கே கிடையாது. ஆட்டத்தைக் கட்டுப்படுத்த முடியவில்லையா, மற்ற எல்லாவற்றையும் அது பின்னுக்குத் தள்ளுகிறதா, கெடுதல் தெரிந்தும் தொடர்கிறதா என்று மூன்று கேள்விகள். அதுவும் பொதுவாக ஒரு வருஷமாவது நீடிக்கவேண்டும். முகாமின் அளவுகோல் சரிதானா என்று படம் ஒரு தடவையாவது கேட்டிருக்கலாம்.

மூன்றாவதுதான் என்னை உறுத்துகிறது. மூன்று நான்கு மாதம் முடிந்து பையன் வெளியே வருகிறான். படமும் முடிந்துவிடுகிறது. ஒரு வருஷம் கழித்து அவன் எப்படி இருந்தான்? தெரியாது. வைத்தியத்தைப் பற்றிய படத்தில் வைத்தியம் பலித்ததா என்பது இல்லாவிட்டால் எப்படி? 2009-ல், நானிங் நகரத்தில் வேறொரு முகாமில் சேர்த்த ஒரே நாளில் 15 வயசுப் பையன் அடிபட்டுச் செத்துப்போனான். அதே வருஷம், இந்தப் பழக்கத்துக்கு மின் அதிர்ச்சி வைத்தியம் கொடுக்கக்கூடாது என்று சீன சுகாதார அமைச்சகம் தடுக்கவேண்டி வந்தது. அவ்வளவு தூரம் போயிருந்தது விஷயம்.

பிறகு சீனா சட்டத்தைக் கையிலெடுத்தது. 2021 முதல், 18 வயசுக்குக் கீழே உள்ளவர்களுக்கு வெள்ளி, சனி, ஞாயிறு, விடுமுறை நாட்களில் ராத்திரி 8 முதல் 9 வரை மட்டும் ஆட்டம். அதற்கு முன் 2019-ல் வந்த கட்டுப்பாட்டை அலசி, 2023-ல் ஓர் ஆய்வு வெளியானது. மிதமிஞ்சி விளையாடுவது குறைந்ததற்கு நம்பத்தக்க அத்தாட்சி இல்லை என்றது. பூட்டு போட்டாலும் உள்ளே இருக்கும் பசி அப்படியே இருக்கிறது.

நம்மூரில் கம்பி போட்ட ஜன்னல் தேவையில்லை. பெங்களூர் நிம்ஹான்ஸில் 2014-லேயே இதற்கென்று தனி கிளினிக் ஆரம்பித்துவிட்டார்கள். டாக்டர்கள், கவுன்சலிங், குடும்பத்தோடு பேச்சு. சீருடை, விசில் கிடையாது.

அந்த ஆட்டம் பையனுக்குக் கொடுத்தது என்ன என்றும் எழுதிப்பாருங்கள். கூப்பிட்டால் வர 24 பேர். ஜெயித்தால் பாராட்டு. தோற்றாலும் மறுபடி ஒரு சான்ஸ். ஆட்டத்தைப் பிடுங்கும்போது இவையும் சேர்ந்து போகின்றன. பதிலுக்கு வீட்டில் நாம் என்ன தரப்போகிறோம் என்று தெரிந்துகொண்டு பிடுங்கினால் சரி. இல்லாவிட்டால் கணக்கு டேலி ஆகாது.