பிணியும் அச்சமும்
கொள்ளைநோய்க் கால எழுத்தில் நாட்பட்ட நோயாளர்

உள்ளத்து உணர்ச்சி மெய்யின்கண் வெளிப்படுவதை மெய்ப்பாடு என்று வகுத்த தொல்காப்பியர் அதனை எட்டாக எண்ணினார். நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை என்பன அவ்வெட்டு. ஒவ்வொன்றும் நான்கு நான்கு களங்களில் பிறக்கும் என்பது அவர் கொள்கை. அவற்றுள் அச்சம் பிறக்கும் களங்களாக அவர் கூறுவன அணங்கு, விலங்கு, கள்வர், இறை என்னும் நான்கு. இந்நான்கனுள் நோய்க்கு இடமில்லை. இளிவரலுக்குரிய களங்களாக மூப்பு, பிணி, வருத்தம், மென்மை என்று அடுக்குமிடத்தில்தான் பிணி இடம்பெறுகின்றது.

நோய் என்றவுடன் அச்சத்தையே நினைக்கும் இக்கால மாணவர்க்கு இப்பகுப்பு வியப்பைத் தரக்கூடும். இளிவரலாவது, தன்னைத் தாழ்ந்த நிலையில் காணுதலும், பிறர் அவ்வாறு காண்பரே எனக் கூசுதலும் ஆம். நெடுங்காலம் நோயோடு வாழ்வோரை அணுகியறிந்தவர்க்கு இப்பகுப்பின் நுட்பம் எளிதில் விளங்கும். ஆண்டுக்கணக்கில் மாத்திரை உண்போர் நாள்தோறும் இறப்பை எண்ணி நடுங்குவதில்லை. 'பிறருக்குச் சுமையாகிவிட்டோமே' என்ற கூச்சமே அவர்களைப் பெரிதும் வருத்துகின்றது.

ஆனால் 2020ஆம் ஆண்டு உலகைச் சூழ்ந்த கொவிட்-19 கிருமித்தொற்று, இவ்விரு மெய்ப்பாடுகளையும் ஓர் உள்ளத்தில் ஒருங்கே கொண்டுவந்து சேர்த்தது. கண்ணுக்குப் புலப்படாமல் வருத்தும் ஆற்றலைப் பண்டையோர் அணங்கு என்றனர். புதிய கிருமியும் அவ்வாறே வந்தது. ஏற்கெனவே பிணியுற்றுக் கூசியிருந்தோர் அணங்கைக் கண்டாற்போல் அஞ்சவும் வேண்டியதாயிற்று. இவ்விரட்டைத் துன்பத்தைக் கொள்ளைநோய்க் கால எழுத்து எந்த அளவிற்கு உணர்ந்து காட்டிற்று என்று ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

சிங்கை கண்ட நாள்கள்

சிங்கப்பூருக்குத் தொற்றச்சம் புதிதன்று. 2003இல் சார்ஸ் நோய் இங்கு 238 பேரைப் பற்றி, 33 பேரின் உயிரைக் கவர்ந்தது. அந்நோயாளர்க்கென ஒதுக்கப்பட்ட டான் டோக் செங் மருத்துவமனை, லிட்டில் இந்தியா வட்டாரத்திற்குச் சிறு தொலைவிலேயே உள்ளது. 1844இல் ஏழை நோயாளர்க்காகத் தொடங்கப்பெற்ற அம்மருத்துவமனையைக் காசநோயாளர் தங்கும் இடமாகவே ஒரு தலைமுறை அறிந்திருந்தது. அதன் அருகில் 2019ஆம் ஆண்டு செப்டம்பரில் தொற்றுநோய்களுக்கான தேசிய நிலையம் 330 படுக்கைகளுடன் அதிகாரத்துவமாகத் திறக்கப்பட்டது. அடுத்த ஆண்டு ஜனவரி 23ஆம் நாள் நாட்டின் முதல் கொவிட் தொற்று உறுதி செய்யப்பட்டது.

பிப்ரவரி 7ஆம் நாள் எச்சரிக்கை நிலை ஆரஞ்சு நிறத்திற்கு உயர்த்தப்பட்டது, மறுநாள் தைப்பூசம். மார்ச் மாத இறுதியில் வழிபாட்டுக் கூட்டங்கள் நிறுத்தப்பட்டன. ஏப்ரல் 2ஆம் நாள் முஸ்தஃபா சென்டர் கதவடைத்தது. ஏப்ரல் 7 முதல் ஜூன் 1 வரை நோய்ப்பரவலை முறியடிக்கும் நடவடிக்கைகள் நடப்பிலிருந்தன. மக்கள் தோளோடு தோள் உராய்ந்து நடக்கும் சிராங்கூன் சாலையில் ஆளரவம் அடங்கிற்று. 2021ஆம் ஆண்டுத் தைப்பூசத்தில் காவடியும் இல்லை, பாதயாத்திரையும் இல்லை.

இவை எல்லார்க்கும் பொதுவான நிகழ்ச்சிகள். நாட்பட்ட நோயாளர்க்கு மட்டும் உரியன வேறு சில. சிறுநீரகம் செயலிழந்தவர் வாரத்தில் மூன்று நாள், ஒவ்வொரு முறையும் ஏறத்தாழ நான்கு மணி நேரம், குருதிச் சுத்திகரிப்பிற்குச் சென்றே தீரவேண்டும். வீட்டிலேயே இருங்கள் என்று நாடு முழுவதும் ஓதப்பட்ட நாள்களிலும் அவர் வெளியே சென்றாக வேண்டும். சென்றால் தொற்றச்சம், செல்லாவிடில் உயிரச்சம். நீரிழிவாளர்க்குப் பலதுறை மருந்தகத்தில் குறித்திருந்த நாள் தள்ளிப்போடப்பட்டது. மருந்து வீட்டிற்கு வந்து சேர்ந்தது. காலையில் எழும் சிறு இருமல் பழைய ஆஸ்துமாவா, புதிய கிருமியா என்னும் ஐயம் பொழுதெல்லாம் உள்ளத்தை அரித்தது. ஒரு நாளில் பத்து முறை உடல்வெப்பம் பார்த்துக் கொண்டோரும் உளர். இருமலை வீட்டாரிடமே மறைத்தோரும் உளர். முன்னையது அச்சத்தின் செயல். பின்னையது இளிவரலின் செயல்.

ஒரு தொடர், இருவகைப் படிப்பு

2020 மார்ச் 21ஆம் நாள் சிங்கப்பூரில் இத்தொற்றினால் நேர்ந்த முதல் இரு இறப்புகள் அறிவிக்கப்பட்டன. ஒருவர் 75 வயது மாது. மற்றவர் 64 வயது ஆடவர். இருவர்க்கும் முன்னரே இதயநோய் இருந்ததென அறிவிப்பு கூறிற்று. அதன் பின் வந்த அறிவிப்புகள் பலவற்றிலும் வயதை அடுத்து, 'ஏற்கெனவே நோய்கள் இருந்தன' என்னும் கருத்துடைய தொடர் இடம்பெறலாயிற்று. அத்தொடரில் பொய்யில்லை. மருத்துவ நோக்கில் அது கூறவேண்டிய செய்தியே ஆகும்.

எனினும் மொழி பயிற்றுவோர் இத்தொடரை ஊன்றி நோக்குதல் வேண்டும். உடல்நலமுடைய இளைஞன் அதனைப் படிக்கும்போது, அவனையறியாமலே ஓர் ஆறுதல் பெருமூச்சு எழுகின்றது. இறந்தவர் வேறு வகையினர் என்று அவன் மனம் அமைதி கொள்கின்றது. அதே செய்தித்தாளை அதே வீட்டில் படிக்கும் நீரிழிவுற்ற பாட்டி, அத்தொடரில் தம் பெயரையே காண்கின்றார். ஒரே தொடர் ஒருவர்க்கு ஆறுதலாகவும் மற்றவர்க்குத் தீர்ப்பாகவும் அமைகின்றது. நடுநிலையாக எழுதப்பட்ட தொடர்கூடப் படிப்பாரின் உடல்நிலைக்கேற்பப் பொருள் வேறுபடும் என்பதற்கு இதனினும் சிறந்த சான்று தேடவேண்டுவதில்லை. இவ்வேறுபாட்டைப் புலப்படுத்துவதே இலக்கியத்தின் கடன். அக்கடனை நம் எழுத்து நிறைவேற்றிற்றா?

மூவகைப் பாடல்கள்

கொள்ளைநோய்க் காலத்தில் எழுந்த தமிழ்க் கவிதைகளுள் பெரும்பாலானவற்றை மூவகையில் அடக்கலாம். முதல்வகை, நோயைப் பகையாகவும் மருத்துவரைப் படைவீரராகவும் பாடுவது. இரண்டாவது வகை, இயற்கையைப் பழித்த மாந்தர்க்குக் கிடைத்த தண்டனை என்று அறம் உரைப்பது. மூன்றாம் வகை, அஞ்சாதே என்று துணிவூட்டுவது.

இம்மூன்றும் பயனற்றவை என்று தள்ளுதல் முறையன்று. போர்ப்பாடல் ஊரை ஒன்றுதிரட்ட உதவும். இயற்கைக்குச் செய்த தீங்கை நினைப்பூட்டுவதும் நன்றே. துணிவூட்டும் பாட்டு, பள்ளி செல்ல இயலாது வீட்டிலிருந்த சிறுவர்க்குத் தேவையாகவே இருந்தது. ஆனால் நாட்பட்ட நோயாளரின் பக்கமிருந்து நோக்கினால் மூன்றும் குறையுடையனவே.

போர் என்றால் அதற்கு முடிவும் வெற்றியும் உண்டு. நீரிழிவையோ சிறுநீரகச் செயலிழப்பையோ எளிதில் வென்று முடிக்க இயலாது; அவற்றோடு உடன்வாழவே இயலும். சிங்கப்பூரில் 2016இல் சுகாதார அமைச்சு தொடங்கிய இயக்கத்திற்கே 'நீரிழிவுக்கு எதிரான போர்' என்று பெயர். இருபதாண்டு நீரிழிவோடு வாழும் முதியவர் இப்போரில் எப்பக்கத்தவர்? அவருடைய உடலே போர்க்களமாயிற்றே! தண்டனை என்னும் உவமையோ, பிணியுற்றவரை மறைமுகமாகக் குற்றவாளியாக்கி அவர்தம் இளிவரலை மிகுவிக்கின்றது. நோயை உருவகமாக்குவது நோயாளர்க்குத் தீங்காகும் என்று அமெரிக்க எழுத்தாளர் சூசன் சோன்டாக் 1978இல் வெளியிட்ட நூலில் காசநோயையும் புற்றுநோயையும் முன்வைத்து வாதிட்டார். அக்கருத்து முழுமையும் ஏற்கத்தக்கதா என்பது வேறு வினா. உருவகமின்றி எழுத எந்தக் கவிஞனாலும் இயலாது. எந்த உருவகம் யாரைப் புண்படுத்தும் என்று எண்ணிப் பார்க்கும் பொறுப்பு மட்டும் எவர்க்கும் தட்டிக்கழிக்க இயலாதது.

மூன்றாம் வகைக்கு வள்ளுவரே விடை கூறியுள்ளார். துன்பம் வருங்கால் நகைக்கச் சொன்ன அவரே, அறிவுடைமை அதிகாரத்தில், அஞ்சத்தக்கதற்கு அஞ்சாமை பேதைமை என்றும், அஞ்சுவது அறிவுடையார் தொழில் என்றும் தெளிவாக்கினார். துணிவுப் பாடல்கள் முன்னதை எடுத்துக்கொண்டு பின்னதை விட்டுவிட்டன. முகக்கவசம் அணிந்து, கூட்டத்தை விலக்கி, தேக்கா சந்தைக்குக் காலையில் ஆளில்லாப் பொழுதில் சென்றுவந்த இதயநோயாளியைக் கோழை என்பது தகுமா? காக்கும் அச்சம் ஒன்று. அரிக்கும் அச்சம் மற்றொன்று. இரண்டையும் பிரித்துக் காட்டாத பாட்டு, கேட்பவரை நாணச் செய்யுமேயன்றித் தேற்றாது.

பிணியை எழுதிய பேனாக்கள்

பிணியாளரின் உள்ளத்தை எழுதுவது இயலாத செயலன்று. பிரெஞ்சு நாடகாசிரியர் மோலியேர் 1673இல் 'கற்பனை நோயாளி' என்னும் நகைச்சுவை நாடகத்தைப் படைத்தார். இல்லாத நோயை இருப்பதாக எண்ணி நடுங்குபவனே அதன் தலைவன். அவ்வேடம் பூண்டு நடித்தவரும் மோலியேரே. ஆனால் அவர் மெய்யாகவே நோயுற்றிருந்தார். பிப்ரவரி 17ஆம் நாள், நான்காம் முறையாக அந்நாடகம் அரங்கேறியபோது துன்புற்று, அன்றிரவே உயிர்நீத்தார். மெய்ந்நோயும் நோயைப் பற்றிய கற்பனை அச்சமும் ஓர் உடலில் ஒன்றாக உறைய முடியும் என்பதற்கு அவர் வாழ்வே சான்றாயிற்று. ஆதலின், நாட்பட்ட நோயாளியின் கவலையை 'வெறும் மனப்பிரமை' என்று ஒதுக்குவதும் பிழை. அவர் அஞ்சுவன அனைத்தும் உண்மை என்று கொள்வதும் பிழை.

தமிழில் இவ்வகைக்கு ஒப்பற்ற எடுத்துக்காட்டுப் புதுமைப்பித்தனின் 'செல்லம்மாள்'. சென்னையில் துணிக்கடைச் சிப்பந்தியான பிரமநாயகம் பிள்ளை, நெடுநாளாய் நோயுற்ற மனைவியைப் பேணுகின்றார். பகலெல்லாம் கடையில் உழைத்துவிட்டு மாலையில் வீடு திரும்பும் அவர் உள்ளத்தில் எத்தகைய அச்சம் இருந்திருக்கும் என்பதை ஆசிரியர் பறைசாற்றவில்லை. அன்றாடச் சிறு பணிகளின் வாயிலாகவே அதனைப் படிப்போர் உணர்கின்றனர். இக்கதையில் போர் இல்லை, தண்டனை இல்லை, துணிவுரையும் இல்லை. நோயும் வறுமையும் பழகிப்போன இருவரின் பரிவு மட்டுமே உள்ளது. இதனை எழுதியவரும் காசநோயால் 1948இல் மறைந்தவர் என்பது நினைக்கத்தக்கது. கொள்ளைநோய்க் காலத்தைக் கதையாக்க முனையும் சிங்கை எழுத்தாளர் கற்கவேண்டிய பாடம் இச்சிறுகதையில் உள்ளது.

நாற்கூறும் ஒரு குறையும்

திருக்குறளின் 'மருந்து' அதிகாரம் இப்பொருளுக்கு மேலும் ஒளி தருகின்றது. நோய் இன்னதென ஆராய்ந்து, அதன் காரணத்தை ஆராய்ந்து, தணிக்கும் வழியை ஆராய்ந்து, பின் பொருந்தச் செய்க என்பது வள்ளுவர் கூறும் முறை. ஆராய்ச்சி மூன்று, முடிவு செயல். கவலையுற்ற நோயாளர் முதற்படியிலேயே நின்று சுழல்கின்றார். இருமலை ஆராய்கின்றார், மீண்டும் ஆராய்கின்றார், இரவெல்லாம் செய்திகளைத் துழாவுகின்றார், செயலுக்கு வருவதில்லை. செய்தியை நாளுக்கு ஒரு முறை மட்டும் பார்ப்பது, உரிய வேளையில் மருந்துண்பது, ஐயம் எழுந்தால் மருத்துவரைக் கேட்டு அவர் சொல்லில் அமைவது என்று தமக்கொரு முறை வகுத்துக்கொண்டோர் அலைக்கழிவு குறைந்தனர். அவர்கள் அறிந்தோ அறியாமலோ வள்ளுவரின் நான்காம் படிக்கு வந்தவராவர்.

நோயுற்றவன், மருத்துவன், மருந்து, உடனிருந்து துணைசெய்பவன் என்னும் நான்கும் சேர்ந்ததே மருத்துவம் என்று அவ்வதிகாரம் முடிகின்றது. கொள்ளைநோய்க் காலம் முதல் மூன்றையும் விட்டுவைத்து, நான்காவதைப் பறித்தது. மருத்துவமனைகளில் காண வருவோர்க்குக் கட்டுப்பாடு வந்தது. வீட்டிலும் பேரப்பிள்ளைகள் எட்ட நின்றனர். நாட்பட்ட நோயாளரின் அச்சம் மிகுந்ததற்கு இதுவே தலையாய காரணம் எனலாம்.

இந்நான்கையும் விரித்துரைத்த பரிமேலழகர், நோயுற்றவனிடம் இருக்கவேண்டிய தகுதிகளுள் ஒன்றாகத் தன் நோய்நிலையை உணர்த்தும் ஆற்றலைக் கூறுகின்றார். இஃது ஆழ்ந்து நோக்கத்தக்கது. நோயைக் கூறச் சொற்கள் வேண்டும். ஆங்கிலத்தில் நோயை விளக்கப் போதிய சொற்கள் இல்லையென 1926இல் வர்ஜீனியா உல்ஃப் குறைபட்டார். தமிழுக்கு அக்குறையில்லை. குத்தல், குடைச்சல், கடுப்பு, உளைச்சல், எரிச்சல், பிசைதல், இழுப்பு, மதமதப்பு, கிறுகிறுப்பு, படபடப்பு என ஒவ்வொரு வேதனைக்கும் ஒவ்வொரு சொல் நம்மிடம் உண்டு.

ஆனால் இன்று சிங்கையில் நடப்பது யாது? பாட்டி 'படபடப்பு' என்கின்றார். உடன் சென்ற பேரன் மருத்துவரிடம் ஆங்கிலத்தில் 'வலி' என்கின்றான். பாட்டி குறித்தது இதயத்தின் துடிப்பையா, உள்ளத்தின் அச்சத்தையா என்று கேட்டறிய அவனுக்குச் சொல் போதவில்லை. கொள்ளைநோய்க் காலத்தில் மருத்துவ ஆலோசனை திரைவழியும் தொலைபேசி வழியும் நடந்தபோது, முகக்குறிப்பும் குன்றிச் சொல்லொன்றே துணையாக நின்றது. அங்கே ஒரு சொல்லின் இழப்பு உயிர்க்குற்ற இழப்பாகவும் கூடும்.

ஆசிரியர் கடன்

2023 பிப்ரவரி 13ஆம் நாள் சிங்கப்பூரின் எச்சரிக்கை நிலை பச்சைக்குத் திரும்பியது. அந்நிறம் ஊருக்கு விடுதலை தந்தது. நாட்பட்ட நோயாளர்க்கு அன்றும் மாத்திரைப் பெட்டி மேசைமேல் இருந்தது. அவர்களுடைய கதை இனித்தான் எழுதப்படவேண்டும்.

அதற்கான விதை வகுப்பறையில் உள்ளது. கொள்ளைநோய் பற்றிக் கட்டுரை எழுதச் சொல்லும் ஆசிரியர், 'காரணம், விளைவு, தடுப்புமுறை' என்னும் பழகிய சட்டகத்தோடு நில்லாமல், வீட்டிலுள்ள முதியவரிடம் அந்நாள்களைப் பற்றிக் கேட்டு, அவர் சொல்லையே பொன்போல் போற்றி எழுதிவரச் செய்யலாம். எதற்கு அஞ்சினார், எதற்குக் கூசினார், யார் உடனிருந்தார் என்னும் மூன்று வினாக்கள் போதும். மாணவர் தொல்காப்பியரின் இரு மெய்ப்பாடுகளையும் தம் இல்லத்திலேயே காண்பர். மறைந்துவரும் நோய்ச் சொற்களையும் மீட்பர். எல்லாவற்றினும் மேலாக, கேட்க வந்தமர்ந்த அப்பொழுதில், வள்ளுவர் கூறிய நான்காம் கூறாகத் தாமே விளங்குவர்.