சிங்கப் பெண்ணும் சீருடைப் பெண்ணும்

சினிமாவைப் பற்றி நாம் ஏதேனும் எழுதினால், "நாளெல்லாம் பாடுபட்டு அலுத்தவர்கள் சற்று நேரம் மகிழ்ந்திருப்பது உமக்குப் பொறுக்கவில்லையா?" என்று கேட்கும் அன்பர்கள் உண்டு. நாம் மகிழ்ச்சிக்கு விரோதிகளல்ல. ஆனால் ஒரு படம் பெண் விடுதலையின் பெயரைச் சொல்லிக்கொண்டு நம் வீட்டுக்குள் வருமாயின், அது கொண்டுவருவது விடுதலைதானா என்று விசாரிப்பது நமது கடமையாகும்.

லெம்பா பெர்த்தாமில், ஒரு நண்பரின் வீட்டில், "பிகில்" என்னும் படத்தை அண்மையில் மறுபடியும் பார்க்க நேர்ந்தது. அட்லீ இயக்க, விஜய் நடித்து, 2019ஆம் வருடம் தீபாவளியையொட்டி வெளிவந்த படம் அது. கூடத்தில் மூன்று தலைமுறையினர் கூடியிருந்தனர். தேயிலைக் கொழுந்து பறித்துக் கை காய்த்துப் போன பாட்டியார் ஒருவர். கறிகாய்த் தோட்டத்தில் வேலை செய்யும் அவருடைய மகன். பள்ளியில் பந்து விளையாடும் பேத்தி ஒருத்தி. படம் முடியும் தறுவாயில் அந்தச் சிறுமி, "ஏம்ப்பா, அந்த அண்ணன் வராம இருந்திருந்தா இவங்க யாருமே விளையாடியிருக்க மாட்டாங்களா?" என்று கேட்டாள். "பேசாமல் படத்தைப் பாரும்மா" என்றார் தகப்பனார். மற்றவர்கள் சிரித்தார்கள். நமக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தப் படத்தின் மேல் எழுதப்பட்ட விமர்சனங்களில் இதைவிடக் கூர்மையான ஒன்றை நாம் கண்டதில்லை.

கதையை நேயர்கள் அறிவார்கள். பந்தாட்ட வீரனாய் இருந்த மைக்கேல் என்பான், தன் தகப்பன் ராயப்பன் கொலையுண்டபின் ஆட்டத்தைத் துறந்து அடிதடி வாழ்க்கைக்குப் போகிறான். அவனுடைய நண்பன் தமிழ்நாட்டுப் பெண்கள் அணியின் பயிற்சியாளன். அந்த நண்பன் காயமுற்றுக் கிடக்கவே, மைக்கேல் அப்பொறுப்பை ஏற்கிறான். அணியும் அகில இந்தியப் பட்டத்தை வெல்லுகிறது.

படத்தில் நல்ல அம்சங்கள் இல்லாமலில்லை. திராவகம் வீசப்பட்ட பெண் முகத்தை மறைத்துக்கொண்டு மூலையில் கிடக்க வேண்டியதில்லை என்று அது சொல்லுகிறது. கலியாணமான பெண்ணும் மைதானத்துக்கு வரலாம் என்று சொல்லுகிறது. ரஹ்மான் இசையமைத்த "சிங்கப்பெண்ணே" என்னும் பாட்டைக் கேட்டுக் கண் கலங்கிய தாய்மார் பலர். பெண்கள் பந்தாட்டம் என்று ஒன்று உண்டு என்பதையே அறியாதிருந்த லட்சக்கணக்கான தமிழர்க்கு அதைக் காட்டியதற்காக நாம் நன்றி சொல்லத்தான் வேண்டும்.

நிற்க, நமது ஆட்சேபணை யாதெனில், அப் படத்தில் எந்தப் பெண்ணும் தானாக ஒன்றும் செய்வதில்லை என்பதே. கணவன் வீட்டில் அடைபட்ட காயத்ரி, மைக்கேல் வந்து பேசிய பிறகே வெளியே வருகிறாள். திராவகத்தால் வெந்த அனிதா, மைக்கேல் வந்து தேற்றிய பிறகே எழுகிறாள். பாண்டியம்மாளின் சங்கதியோ இன்னும் மோசம். அவளுடைய உடற்பருமனைச் சொல்லி அவன் எல்லோர் முன்னிலையிலும் இகழுகிறான். அந்த ரோஷத்தில் அவள் நன்றாக ஆடிவிடுகிறாள். ஆகவே இகழ்ந்ததும் நியாயமாகிவிடுகிறது! ஒரு பெண்ணை அவமதித்தால்தான் அவளுக்குத் திறமை பிறக்கும் என்பது விடுதலையின் பாடமா, பழைய மாமியாரின் பாடமா என்று கேட்கிறோம். ஏறக்குறைய 3 மணி நேரம் ஓடும் படத்தில் பெரும்பகுதியைக் கதாநாயகரின் சண்டையும் ஆட்டமும் விழுங்கிவிட, பெண்களுக்கு மிஞ்சியது கொஞ்சமே. அந்தக் கொஞ்சத்துக்கும் சாவி ஓர் ஆணின் சட்டைப் பையில் இருக்கிறது.

"இது கற்பனைதானே ஐயா" என்பீர்கள். அப்படியானால் நிஜத்தைப் பார்ப்போம். தமிழ்நாட்டுப் பெண்கள் அணி அகில இந்தியப் பட்டத்தை வெல்வதாகப் படம் கற்பனை செய்ததே, அது படம் வருவதற்கு 20 மாதங்களுக்கு முன்னரே நடந்து முடிந்துவிட்ட விஷயம்! 2018ஆம் வருடம் பிப்ரவரியில், கட்டாக் நகரில், தமிழ்நாட்டுப் பெண்கள் மணிப்பூரை 2–1 என்று வென்று முதன்முறையாக அப் பட்டத்தைக் கைக்கொண்டார்கள். மணிப்பூரோ பெண்கள் பந்தாட்டத்தில் நெடுங்காலம் கொடிகட்டிப் பறந்த மாகாணம். 2019ஆம் வருடம் மே மாதத்தில் மதுரைச் சேது அணி, லுதியானாவில் மணிப்பூர்ப் போலீஸ் அணியை 3–1 என்று தோற்கடித்து இந்தியப் பெண்கள் லீக்கை வென்றது. கற்பனை வெற்றிக்குச் சீட்டியடித்த நம்மில் எத்தனை பேர் அந்த நிஜ வெற்றிகளுக்குக் கை தட்டினோம்?

அந்த வருடங்களில் தமிழ்நாட்டின் நடுக்களத்தைத் தாங்கிய பெண் கடலூர் இந்துமதி கதிரேசன். 2004ஆம் வருடத்து ஆழிப்பேரலை அடித்துச் சென்ற கரைகளில் ஒன்று கடலூர். உற்றாரை இழந்த சிறுமியர் பலரை மாரியப்பன் என்னும் பயிற்சியாளர் பந்தாட்டத்தில் பழக்கிய ஊர் அது. 2019ஆம் வருடம் மார்ச்சில், பிராட்நகரில், நேபாளத்தை 3–1 என்று வென்று தெற்காசியப் பட்டம் பெற்ற இந்திய அணியில் இந்துமதி இருந்தார். 2023–24ஆம் பருவத்துக்கு, இந்தியாவின் தலைசிறந்த பந்தாட்டப் பெண்மணி என்னும் விருதை அகில இந்தியச் சம்மேளனம் அவருக்கு அளித்தது.

ஆனால் அவருடைய ஜீவனம் பந்தினால் மட்டும் நடந்ததன்று. அவர் தமிழ்நாட்டுப் போலீசில் சப் இன்ஸ்பெக்டர். 2020ஆம் வருடம் கொரோனாத் தொற்றினால் மைதானங்கள் மூடப்பட்டபோது, நாட்டுக்காக ஆடிய அந்தக் கால்கள் சென்னை வீதிகளில் காவல் நின்றன. இதற்குக் காரணம் தெளிவு. 2017ஆம் வருடம் ஆரம்பித்த அந்த லீக், முதற் சில பருவங்களில் ஓர் ஊரில் கூடிச் சில வாரங்களில் முடிந்துவிடும் போட்டியாகவே இருந்தது. சில வார ஆட்டத்தைக் கொண்டு வருடம் முழுவதும் அடுப்பெரிப்பது எப்படி? ஊருக்கு ஊர் சென்று ஆடும் முறை 2023–24ஆம் பருவத்தில்தான் வந்தது. வருடத்துக்குக் குறைந்தது 3.2 லட்சம் ரூபாய் சம்பளம் என்னும் நிபந்தனையைச் சம்மேளனம் பேசத் தொடங்கியதும் 2023ஆம் வருடத்திலேதான். அதுவரை ஒரு பெண்ணைப் பந்தாட்டத்தில் நிலைநிறுத்தியது காக்கிச் சீருடையும் மாதச் சம்பளமும்.

இதையே படம் காட்டவில்லை என்கிறோம். பயிற்சியாளர் வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. கடலூரில் ஒருவர் இல்லாவிட்டால் அந்தச் சிறுமியரின் கதை வேறாயிருக்கும். ஆனால் பயிற்சியாளர் சொல்லிக் கொடுப்பார்; அதற்குமேல் திடல் வேண்டும், பூட்சு வேண்டும், பஸ் கூலி வேண்டும், ஆட்டம் முடிந்த மறுநாளும் சோறு வேண்டும். இவற்றைக் காட்டாத படம், "ஒரு வீரன் வருவான், காத்திரு" என்று பெண்ணுக்குச் சொல்லுகிறது. "வீரன்தான் வரவில்லையே, நாமென்ன செய்வது?" என்று பெற்றோர்க்கும் சாக்குச் சொல்லித் தருகிறது.

சாக்குகள் நமக்கு மட்டும் சொந்தமானவையல்ல. இங்கிலாந்தில் பிரெஸ்டன் நகரத்து டிக் கெர் தொழிற்சாலையில் வேலை செய்த பெண்கள் ஓர் அணி அமைத்தார்கள். 1920ஆம் வருடம் டிசம்பர் 26ஆந் தேதி, லிவர்பூலில் அவர்கள் ஆடியதைக் காண 53,000 பேர் வந்தார்கள். மறு வருடமே அந் நாட்டுப் பந்தாட்டச் சங்கம், இவ்வாட்டம் பெண்களுக்குத் தகாது என்று சொல்லித் தன் மைதானங்களை அவர்களுக்கு அடைத்துவிட்டது. அத்தடை ஏறக்குறைய 50 வருடம் நீடித்தது. அப்பெண்களிடம் திறமைக்குக் குறைவில்லை, பறிபோனது திடல். தொழிலாளிப் பெண்கள் ஆட்டத்தில் சிறக்கமாட்டார்கள் என்று இனி எவரும் நம் காதில் ஓத வேண்டாம்.

நம் நாட்டிலும் இது புதிதன்று. துன் ஷரிபா ரொட்சியா பெயரால் பெண்களுக்கான கிண்ணம் 1976ஆம் வருடத்திலேயே ஏற்பட்டது. 1983ஆம் வருடம் பாங்காக்கில் நடந்த ஆசியப் போட்டியில் மலேசியப் பெண்கள் மூன்றாமிடம் பெற்றார்கள். ஆனால் தோட்டத்துப் பந்துத் திடல் என்றால் நம்மவர் மனத்தில் எழும் சித்திரம் என்ன? ஆண்கள் ஆடுவார்கள், பெண்கள் லயத்து வாசலில் நின்று பார்ப்பார்கள் என்பதுதானே! கொழுந்துக் கூடையைச் சுமந்துகொண்டு செங்குத்தான சரிவில் நாள் முழுதும் ஏறியிறங்கிய பெண்ணின் காலுக்குப் பந்தை உதைக்கப் பலமில்லை என்று சொல்வது வெட்கக்கேடல்லவா?

லெம்பா பெர்த்தாமில் சமநிலம் அரிது. பள்ளத்தாக்கெங்கும் கறிகாய்த் தோட்டங்களின் பிளாஸ்டிக் கூரைகள். கிடைக்கும் சிறிது வெளியிலும் மாலையானால் பையன்கள் நிறைந்துவிடுகிறார்கள். பெண்பிள்ளைகள் தம்பி தங்கையரைப் பார்க்க வீட்டுக்குப் போகிறார்கள். படத்தைப் பார்த்துக் கண் கலங்கிய பெற்றோரை நாம் கேட்பது பெரிதொன்றுமில்லை. வாரத்தில் இரண்டு மாலை அத் திடலைப் பெண்பிள்ளைகளுக்கு விடுங்கள். அந்த இரண்டு மாலையும் தம்பியை அண்ணன் பார்த்துக்கொள்ளட்டும். வெளியூர்ப் போட்டிக்குப் போக ஒரு பஸ் கூலியை ஊர் கூடித் தாருங்கள். சினிமாச் சீட்டுக்குச் செலவழித்ததைவிட இது அதிகமாகாது.

அந்தச் சிறுமிக்கு அன்று எவரும் பதில் சொல்லவில்லை, நாமும் சொல்லவில்லை. அது நமது குற்றம். இன்று சொல்லுகிறோம்: அந்த அண்ணன் வராமலிருந்தாலும் அவர்கள் விளையாடியிருப்பார்கள், அம்மா. அவன் வருவதற்கு முன்பே விளையாடி வென்றும் இருக்கிறார்கள்.