நாடி பார்த்து வலியை அளக்கலாமா?

ஓசூர் சிப்காட்டில் பவர் பிரஸ்ஸில் விரல் மாட்டியவரைக் கொண்டுவந்தால் மருத்துவமனையில் முதலில் பார்ப்பது பல்ஸையும் பி.பி.யையும். உயிருக்கு ஆபத்து உண்டா என்று அறிய அதுதான் சரியான முறை. அதே எண்களை வைத்து வலியையும் அளக்கத் தொடங்கும்போதுதான் கோளாறு வருகிறது. "பல்ஸ் நார்மல்தான், அவ்வளவு வலி இருக்காது" என்று சொல்லிவிடுவது சுலபம். தமிழும் தெலுங்கும் கன்னடமும் புழங்கும் ஊர் இது. ஒடிசாவிலிருந்தோ பீகாரிலிருந்தோ வந்து காண்டிராக்டில் வேலை செய்யும் இளைஞருக்கு இந்த மூன்றில் ஒன்றும் வசப்படாமல் இருக்கலாம். அவர் வாய்விட்டுச் சொல்ல முடியாததை நாடி சொல்லிவிடுமா?

சொல்லும் என்பதற்கு உடலியலில் வலுவான ஆதாரம் இருக்கிறது. விரல் நசுங்கியதும் ஏ-டெல்டா நரம்பிழைகள் நொடிக்கு 5 முதல் 30 மீட்டர் வேகத்தில் தண்டுவடத்துக்குச் செய்தி அனுப்புகின்றன. 'சுரீர்' என்ற முதல் வலி அது. நொடிக்கு 2 மீட்டருக்கு மேல் போகாத சி இழைகள் பின்னாலேயே எரிச்சலையும் 'விண்விண்' என்ற தெறிப்பையும் கொண்டுவருகின்றன. முகுளத்துக்குச் செய்தி எட்டியதும் பரிவு நரம்புகள் முடுக்கிவிடப்படுகின்றன. அட்ரினல் சுரப்பி ரத்தத்தில் அட்ரினலினைக் கலக்கிறது. இதயம் படபடக்கிறது, முகம் வெளிறுகிறது, உள்ளங்கை நனைகிறது, கண்ணின் பாவை விரிகிறது, குடல் அசைவு மந்தமாகிறது. எதையும் நாம் நினைத்துச் செய்வதில்லை. நினைத்தாலும் நிறுத்த முடியாது. ஆகவே இதில் பொய்க்கு இடமில்லை என்பது அந்தத் தரப்பின் வாதம்.

பொய் இல்லைதான். ஆனால் நாடி எதற்குச் சாட்சி சொல்கிறது? வலி, அச்சம், சினம் மூன்றிலும் இதே அட்ரினல் சுரப்பு தூண்டப்படுவதை உடலியலாளர் வால்டர் கேனன் 1915-இல் வெளியான தம் நூலிலேயே விளக்கிவிட்டார். ரத்த இழப்பும் காய்ச்சலும்கூட நாடியை ஓடவைக்கும். நாடி வேகமாக இருப்பதால் மட்டும் அது வலிதான் என்று சொல்லிவிட முடியாது.

நாடி வேகமெடுக்காததை வைத்து வலி இல்லை என்பது இன்னும் பெரிய பிழை. கடும் வலியில் சிலருக்கு வேகஸ் நரம்பின் கை ஓங்கிவிடும். இதயத் துடிப்பு குறைந்து, ரத்த அழுத்தம் சரிந்து, ஆள் மயங்கி விழுவார். வலி உச்சத்தில் இருக்கும்போதே நாடி தளர்ந்திருக்கும். பி.பி.க்காக அட்டெனோலால், மெட்டோப்ரோலால் மாத்திரை சாப்பிடுபவரின் இதயம் வேகமெடுக்கத் தயங்கும். நெடுநாள் சர்க்கரை நோய் தன்னியக்க நரம்புகளையே பழுதாக்கும். இவை எதுவும் இல்லாதவருக்கும், நேரம் போகப்போக நாடி பழைய நிலைக்குத் திரும்பிவிடலாம். வலி அப்படியே இருக்கும்.

2018-இல் அமெரிக்கத் தீவிர சிகிச்சை மருத்துவச் சங்கம் வெளியிட்ட வழிகாட்டுதலும் இதையே சொல்கிறது: நாடியும் ரத்த அழுத்தமும் வலிக்கு நம்பகமான அளவுகோல் அல்ல, மேலும் சோதிக்கத் தூண்டும் குறிப்பாக மட்டுமே அவற்றைக் கொள்ளலாம். பேச முடியாத நோயாளிகளுக்கென கனடாவில் உருவாக்கப்பட்டு 2006-இல் வெளியான அளவீடு பார்ப்பது நான்கை: முகச்சுளிப்பு, உடல் அசைவு, தசை இறுக்கம், முனகல் (சுவாசக் கருவியில் இருப்பவர் என்றால் அதனோடு உடல் ஒத்துழைக்கிறதா என்பது). அந்த நான்கில் நாடி இல்லை.

காயத்தின் அளவும் கைகொடுக்காது. இரண்டாம் உலகப்போரில் கடுமையாகக் காயம்பட்ட வீரர்களில் ஏறக்குறைய முக்கால்வாசிப் பேர் வலிமருந்து வேண்டாம் என்றதை மயக்கவியல் மருத்துவர் ஹென்றி பீச்சர் 1946-இல் பதிவு செய்தார். வலியைக் கூட்டவும் குறைக்கவும் மூளைக்குத் தனி வழிகள் உண்டு.

ஓசூரில் இதை நான் வலியுறுத்தக் காரணம் இருக்கிறது. 1923-ஆம் ஆண்டின் இழப்பீட்டுச் சட்ட அட்டவணை கட்டைவிரல் போனால் 30 சதவீதம், ஆள்காட்டி விரல் முழுதாகப் போனால் 14 சதவீதம் என்று சம்பாதிக்கும் திறனின் இழப்பைக் கணக்கிட்டது. வலிக்கு அந்த அட்டவணையில் இடமே இருக்கவில்லை. நோயாளியின் குறிப்பேட்டிலும் அது ஏறவில்லை என்றால் வேறெங்கும் ஏறாது.

ஆகவே என் முடிவு இது. நாடி ஓடினால், வலிக்கிறதா என்று கேட்க அது ஒரு காரணம். ஓடாவிட்டால், கேட்காமல் விட அது காரணம் ஆகாது. மொழி தெரியாதவரிடம் முகப்படங்களைக் காட்டலாம், காயமில்லாத கையின் விரல்களால் அளவு காட்டச் சொல்லலாம், கூட வந்த சக தொழிலாளியை மொழிபெயர்க்கச் சொல்லலாம். மருந்து கொடுத்த பிறகு மறுபடியும் கேட்க வேண்டும். 'வலிக்கிறது' என்று தெரிவித்தவரை பல்ஸைக் காட்டி மறுக்கும் உரிமை யாருக்கும் கிடையாது.