அருந்ததி காட்டும் நேரம்

வைகாசி முகூர்த்தம். மயிலாப்பூரில் ஒரு கல்யாண மண்டபம். காலை பத்து மணி வெயிலில் சாஸ்திரிகள் மணமக்களை வாசலுக்கு அழைத்துவந்து வானத்தைக் காட்டி, "அருந்ததி தெரியறதா?" என்றார். "தெரியறது" என்றாள் பெண். பக்கத்தில் நின்ற சித்தப்பா உடனே போனை எடுத்து என்னிடம் நீட்டினார். நீங்களும் பார்த்திருப்பீர்கள், அதே ஃபார்வர்ட்தான். மற்ற இரட்டை விண்மீன்களில் ஒன்று நிற்கும், இன்னொன்று அதைச் சுற்றும்; வசிஷ்டரும் அருந்ததியும் மட்டும் ஒன்றையொன்று சுற்றுகிறார்கள்; கணவன் மனைவி சமம் என்று முன்னோர்கள் அன்றே கண்டுபிடித்தார்கள். "நீ இன்ஜினியராச்சே, எப்படி?" என்றார்.

மண்டபத்தில் வாதாடவில்லை. இங்கே எழுதுகிறேன்.

முதல் வரியே தப்பு. ஈர்ப்பால் பிணைந்த எந்த இரண்டு விண்மீன்களும் பொதுவான நிறை மையத்தைத்தான் சுற்றும். ஒன்று நிற்க, மற்றது சுற்றுவது என்று கிடையாது. வசிஷ்டர் (மிசார்), அருந்ததி (அல்கோர்) இரண்டும் சுமார் 80 ஒளியாண்டு தூரத்தில், நம் கண்ணுக்கு 12 கலை இடைவெளியில் தெரிகின்றன. பிணைந்தவையே என்றாலும் ஒரு சுற்றுக்கு லட்சக்கணக்கான ஆண்டுகள் ஆகும். வெறும் கண்ணால் அதை யாரும் பார்த்திருக்க முடியாது. தொலைநோக்கி காட்டியது வேறு கதை. 1617-இல் காஸ்டெல்லி பார்த்தபோது வசிஷ்டரே இரண்டாகத் தெரிந்தார். பிறகு அந்த இரண்டும் தனித்தனி ஜோடிகள் என்று தெரிந்தது. 2009-இல் அருந்ததிக்கும் ஒரு மங்கலான துணை அகப்பட்டது. ஆக மொத்தம் ஆறு. தாம்பத்யத்துக்கு உதாரணம் சொல்ல வந்தவர்கள் இந்தக் கூட்டுக் குடும்பத்தை என்ன செய்வார்களோ!

வீட்டுக்கு வந்து ஸ்டெல்லாரியத்தில் அன்றைய காலை பத்து மணியைப் போட்டுப் பார்த்தேன். பகல் வெளிச்சத்தில் மறைந்திருக்கும் என்றுதான் நினைத்திருந்தேன். அதுகூட இல்லை, அருந்ததி தொடுவானத்துக்குக் கீழே! சென்னை 13 பாகை அட்சரேகையில் இருப்பதால் சப்தரிஷி மண்டலம் இங்கே உதித்து மறையும். வைகாசியில் காலை பத்துக்கு அது பூமிக்கு அந்தப் பக்கம். இதே ஐப்பசிக் கல்யாணம் என்றால் பத்து மணிக்கு வடக்கே 48 பாகை உயரத்தில், வெயிலுக்குப் பின்னால் நிஜமாகவே இருக்கும். ஆனால் ஆச்வலாயன கிருஹ்ய சூத்திரம் பெண்ணைத் துருவனையும் அருந்ததியையும் சப்தரிஷிகளையும் பார்க்கச் சொல்வது ராத்திரியில். அதைக் காலைக்குக் கொண்டுவந்தது சாஸ்திரம் இல்லை, நம் சௌகரியம்.

இதைவிட எனக்கு உறுத்துவது அந்த 'சமம்' என்ற சொல். இந்தக் கூட்டத்துக்குத் தமிழில் எழுமீன் என்று பெயர், நற்றிணையிலேயே இருக்கிறது. அருந்ததி புறநானூற்றில் வடமீன். பரிபாடலில் சாலினி. சிலப்பதிகாரம் கண்ணகியை அறிமுகப்படுத்தும்போதே வடமீனை இழுத்துக்கொள்கிறது. எல்லா இடத்திலும் அவள் கற்புக்கு அளவுகோல். அளவுகோல் என்று ஒன்று இருந்தால் அதில் தேறாதவர்களும் இருக்கத்தானே வேண்டும்?

இருக்கிறார்கள், ஆறு பேர். மகாபாரதத்தின் வன பர்வத்தில், அக்னியை விரும்பிய ஸ்வாஹா மற்ற ஆறு ரிஷிபத்தினிகளின் உருவங்களை எடுக்கிறாள். அருந்ததியின் உருவத்தை மட்டும் எடுக்க முடியவில்லை. ஊர் பேசுகிறது. அந்தப் பெண்கள் மேல் குற்றமில்லை என்று விசுவாமித்திரர் சொல்லியும் ரிஷிகள் அவர்களைத் தள்ளிவைக்கிறார்கள். ஸ்கந்தனிடம் வந்து அழுது அவர்கள் வாங்கிய இடம்தான் கார்த்திகை நட்சத்திரக் கூட்டம். பரிபாடலின் ஐந்தாம் பாடலிலும் ஆறு பேர் கருவுறுகிறார்கள், சாலினி மட்டும் இல்லை. ஆனால் அங்கே கடுவன் இளவெயினனார், அவர்கள் நிறை வழுவவில்லை என்பதைச் சேர்த்தே சொல்லிவிடுகிறார். ஒரே கதையில் எவ்வளவு தூரம்! கபாலி கோயில் சிங்காரவேலர் சன்னதியில் கும்பிடுகிறவர்கள் கும்பிடுவது அந்த ஆறு பேர் வளர்த்த பிள்ளையைத்தான். ஃபார்வர்டில் அவர்களுக்கு ஒரு வரி இல்லை.

அன்று ராத்திரி எட்டு மணிக்கு அடையாறு வீட்டு மொட்டைமாடிக்கு சித்தப்பாவை ஏற்றினேன். வைகாசியில் அந்த நேரம் எழுமீன் வடக்கே உச்சத்தில் இருக்கும். தெரு விளக்கு வெளிச்சத்தில் வசிஷ்டர் மட்டும்தான் தெரிந்தார். பைனாகுலரைக் கொடுத்தேன்.

"ஆமாண்டா, ரெண்டா இருக்கு."

கொஞ்ச நேரம் கழித்து, "அந்த ஆறு பேர் எங்கே?" என்றார்.

வைகாசியில் கார்த்திகை சூரியனுக்குப் பக்கத்தில் இருக்கும், தெரியாது. முன்னிரவில் கிழக்கே எழுவதைப் பார்க்க ஐப்பசி ஆகணும். அப்போது வடக்கே ரிஷிகள் மறைந்திருப்பார்கள். சதபத பிராமணம் இதைக் கவனித்திருக்கிறது: ரிஷிகள் வடக்கே உதிக்கிறார்கள், கிருத்திகைகள் கிழக்கே, அதனால் சேர முடியவில்லை என்று.

சித்தப்பா பைனாகுலரைத் திருப்பித் தரவில்லை.